வாய்வு என்று சொன்ன வலி
(பெண்களும் இருதய நோயும்: ஒரு விழிப்புணர்வுக் கட்டுரை)

நாவலப்பிட்டி நகரிலிருந்து சற்று மேலே, ஒரு மேட்டில் எங்கள் வீடு இருக்கின்றது. பாதையிலிருந்து வீட்டுக்கு ஏற 43 படிகள். எனது உம்மும்மா அந்தப் படிகளை ஏறத்தாழ 40 வருடங்கள் ஏறி இறங்கியவர். மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னரே மேலே போய் நின்று சிரிப்பார். அப்படிப்பட்டவர் ஒரு ஜூன் மாதத்தில் படிகளின் நடுவே நின்று மூச்சு வாங்கத் தொடங்கினார். கேட்டால், "வயசு போகுதுதானே மகள்" என்பார். இரண்டு கிழமைகளாக வழமையை விட அதிகமாகக் களைத்திருந்தார். இரவில் நித்திரையும் குறைவாகவே இருந்தது. நாங்கள் எவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை இரவு எட்டு மணியளவில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். தாடை வலிக்கின்றது என்றார். முதுகில் இரண்டு தோள்களுக்கும் இடையில் ஏதோ இறுக்குவது போல் இருக்கின்றது என்றார். வெளியே நல்ல மழை. குளிருக்கு நான் சால்வை போர்த்தியிருந்தேன். ஆனால் உம்மும்மாவின் நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை வடிந்தது. "ஒண்டுமில்ல, வாய்வுதான். இஞ்சி போட்டு பிளேன்டீ ஒண்டு தாங்க" என்றார். கொடுத்தோம். பத்து மணிக்கு வாந்தி எடுத்தார். அதையும் வாய்வின் கணக்கில்தான் எழுதினோம். மாமா ஓட்டோ ஒன்றைக் கூப்பிடப் போனபோது, "இந்த மழையில யாருக்கும் கரைச்சல் கொடுக்க வேணாம். காலையில பார்ப்போம்" என்று தடுத்துவிட்டார்.

சுபஹ் தொழுகைக்கு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஆறு மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டொக்டர் கேட்ட முதற் கேள்வி, "இது எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்பதுதான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பத்து மணித்தியாலங்கள் கடந்திருந்தன. அது மாரடைப்பு.

அல்லாஹ்வின் உதவியால் அவர் அன்று உயிர் தப்பினார். ஆனால் இருதயத் தசையின் ஒரு பகுதி நிரந்தரமாகச் செயலிழந்துவிட்டது. அதன் பின்னர் அந்த 43 படிகளை அவரால் ஏற முடியவில்லை. கால்கள் வீங்கின. நேராகப் படுத்தால் மூச்சு முட்டியது. பதினான்கு மாதங்களின் பின்னர் வபாத்தானார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு ஆறு வருடங்களுக்கு முன்னர் எனது அப்பாவுக்கு, அதாவது உம்மாவின் வாப்பாவுக்கு, மாரடைப்பு வந்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்ததைக் கண்டதும், "இது ஹார்ட் அட்டாக்" என்று சத்தமிட்டுப் பக்கத்து வீட்டு வேனைக் கூப்பிட்டு, அரை மணித்தியாலத்துக்குள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் இதே உம்மும்மாதான். அப்பா இன்றும் பள்ளிவாசலுக்கு நடந்து போய் வருகின்றார். கணவனின் வலியை உடனே இனங்கண்ட ஒரு பெண்ணால் தன் வலியை ஏன் இனங்காண முடியவில்லை? அந்தக் கேள்வியே இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

ஆண்களின் நோயா?

அன்பின் சகோதரிகளே! மாரடைப்பு என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது யார்? பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் ஓர் ஆண். தொலைக்காட்சி நாடகங்களும் சினிமாவும் நமக்குக் காட்டியது அதைத்தான். பெண்களின் நோய் எது என்று கேட்டால் நாம் புற்றுநோயைச் சொல்லுவோம்.

உண்மை வேறு. உலகில் பெண்களின் உயிரை அதிகமாகப் பறிப்பது இருதய நோயும் பாரிசவாதமும் அடங்கிய இருதய, குருதிக்கலன் நோய்களே. 2019ஆம் ஆண்டில் மாத்திரம் இவற்றால் ஏறத்தாழ 89 இலட்சம் பெண்கள் உலகளவில் மரணித்துள்ளனர். அவ்வாண்டில் இறந்த பெண்களில் நூற்றுக்கு 35 பேர் இவர்கள். மார்பகப் புற்றுநோயால் 2020ஆம் ஆண்டில் இறந்தவர்களின் தொகை ஏறத்தாழ 6 இலட்சத்து 85 ஆயிரம். அதுவும் பெருந்துயரமே. ஆனால் அதனை விடப் பல மடங்கு பெரிய ஆபத்து நம் கண்ணில் படாமல் இருக்கின்றது.

நமது நாட்டிலும் நிலைமை இதுதான். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கான காரணங்களில் பல வருடங்களாக முதலிடத்தில் இருப்பது, இருதயத்துக்கான குருதியோட்டம் குறைவதால் ஏற்படும் நோயாகும்.

பணமும் வசதியும் உள்ள நாடுகளில் இந்த விழிப்புணர்வு நிறைவாக இருக்கும் என்று நாம் எண்ணலாம். அமெரிக்க இருதயச் சங்கம் 2004ஆம் ஆண்டில் பெண்களுக்காகச் சிவப்பு ஆடை இயக்கம் ஒன்றை ஆரம்பித்தது. ஆண்டுதோறும் பெப்ரவரி மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அங்கு பலர் சிவப்பு ஆடை அணிகின்றனர். அப்படியிருந்தும், பெண்களின் முதலாவது மரணக் காரணம் இருதய நோய் என்பதை அறிந்திருந்த பெண்களின் வீதம் 2009ஆம் ஆண்டில் 65 ஆக இருந்து, 2019ஆம் ஆண்டில் 44 ஆகக் குறைந்துவிட்டது என அச்சங்கத்தின் ஆய்வே கூறுகின்றது. ஒரு முறை சொல்லிவிட்டு ஓய்ந்துவிடக்கூடிய விடயமல்ல இது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

மாரடைப்பு எவ்வாறு ஏற்படுகின்றது?

நமது இருதயம் மூடிய கைப்பிடி அளவுடையது. நிமிடத்துக்கு 70 தடவை என்று கணக்கிட்டாலும் ஒரு நாளில் ஓர் இலட்சம் தடவைக்கு மேல் துடிக்கின்றது. உடல் முழுவதற்கும் குருதியை அனுப்பும் இந்தத் தசைக்கும் ஒட்சிசன் தேவை. அதனைக் கொண்டுவருபவை பெருநாடியிலிருந்து பிரியும் முடியுரு நாடிகளாகும்.

பல வருடங்களாக இந்நாடிகளின் உட்சுவரில் கொழுப்புப் படியலாம். உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, புகைத்தல் என்பன அச்சுவரை மேலும் பழுதாக்குகின்றன. ஒரு நாள் அந்தப் படிவு வெடிக்கின்றது அல்லது உரிகின்றது. காயத்தை மூட வருவது போல அவ்விடத்தில் குருதி உறைந்து கட்டியாகின்றது. நாடி அடைபட்டுவிட, அதற்கு அப்பாலுள்ள தசைக்கு ஒட்சிசன் கிடைப்பதில்லை. அத்தசை நிமிடத்துக்கு நிமிடம் இறக்கின்றது. இதுவே மாரடைப்பு. தோல் கீறினால் ஆறிவிடும். இறந்த இருதயத் தசை மீண்டும் வளர்வதில்லை. அதனால்தான் டொக்டர் முதலில் நேரத்தைக் கேட்டார். கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் ஒன்றிரண்டு மணித்தியாலங்களில் மிகுந்த பயன் தரும். நேரம் செல்லச் செல்ல அப்பயன் குறையும். 12 மணித்தியாலங்கள் கடந்துவிட்டால் அதனால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு.

பெண்களில் காணப்படும் வேறுபாடுகள்

பெண்களின் முடியுரு நாடிகள் பொதுவாக ஆண்களுடையதை விட ஒடுங்கியவை. பெரிய நாடிகளில் அடைப்பு எதுவும் தெரியாத நிலையிலும், மிகச் சிறிய குருதிக்கலன்கள் சரிவர விரியாமையால் இருதயத்துக்குக் குருதி குறைவது பெண்களிடம் அதிகமாகக் காணப்படுகின்றது. நாடியின் சுவர் தானாகவே கிழிவதால் ஏற்படும் ஒரு வகை மாரடைப்பும் உண்டு. அது பெரும்பாலும் பெண்களுக்கே, சில வேளைகளில் குழந்தை பெற்ற சில வாரங்களிலேயே கூட ஏற்படுகின்றது.

மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்திரஜன் என்ற ஓமோன் பெண்களின் நாடிகளுக்கு ஓரளவு பாதுகாப்பாக இருக்கின்றது. ஏறத்தாழ 50 வயதில் மாதவிடாய் நின்றபின் அந்தப் பாதுகாப்புக் குறைகின்றது. இதனால் முதலாவது மாரடைப்பு ஆண்களை விடப் பெண்களுக்குச் சராசரியாக ஒன்பது வருடங்கள் பிந்தி வருகின்றது. பிந்தி வருவது வேறு, வராமலே இருப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் இது ஆண்களின் நோய் என்ற எண்ணம் வேரூன்றியது. மேலும், நீரிழிவு உள்ள பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்புப் பெருமளவு இல்லாமற் போகின்றது.

அடுத்தது அறிகுறிகள். நெஞ்சின் நடுவில் வலி அல்லது இறுக்கம் என்பதே பெண்களிலும் அதிகமாகக் காணப்படும் அறிகுறியாகும். ஆனால் அதனுடன் சேர்ந்தோ, சில வேளை அது இல்லாமலோ, பெண்களிடம் வேறு அறிகுறிகளும் ஆண்களை விடக் கூடுதலாகத் தோன்றுகின்றன. அவையாவன:

1. தாடை, கழுத்து, தோள், முதுகின் மேற்பகுதி அல்லது கைகளில் வலி
2. காரணமின்றி மூச்சு வாங்குதல்
3. குளிர்ந்த வியர்வை
4. குமட்டல், வாந்தி, மேல் வயிற்றில் எரிச்சல் அல்லது பாரம்
5. வழமைக்கு மாறான கடும் களைப்பு. இது சில நாட்களுக்கு அல்லது கிழமைகளுக்கு முன்னரே தோன்றலாம்
6. தலைச்சுற்று, மயக்கம்

இந்தப் பட்டியலை முதன்முதலில் வாசித்தபோது என் கை நடுங்கியது. உம்மும்மாவிடம் கடைசி ஒன்றைத் தவிர அனைத்தும் இருந்தன. நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தோம். களைப்புக்கு வயது, முதுகு வலிக்குக் குளிர், வாந்திக்கு வாய்வு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் இருக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை.

ஆண்களை மட்டும் ஆராய்ந்த காலம்

இந்த அறியாமைக்கு நம் வீட்டுப் பெண்களை மாத்திரம் குறை கூற முடியாது. மருத்துவ உலகமே நீண்ட காலம் ஆண்களின் இருதயத்தைத்தான் ஆராய்ந்தது. அஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று அறிய அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வில் 22,071 வைத்தியர்கள் பங்குபற்றினர். அனைவரும் ஆண்கள். 1989ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அஸ்பிரின் எடுத்தவர்களில் மாரடைப்பு நூற்றுக்கு 44 வீதம் குறைந்திருந்தது. பின்னர் 39,876 பெண்களிடம் ஆய்வு நடத்தி 2005ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டபோது, முதலாவது மாரடைப்பைத் தடுப்பதில் அதே பயன் பெண்களுக்குக் கிடைக்கவில்லை எனத் தெரியவந்தது. ஆணுக்குப் பொருந்துவதெல்லாம் பெண்ணுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணமாகும். வைத்தியரின் ஆலோசனையின்றி எவரும் தினமும் அஸ்பிரின் எடுக்கக் கூடாது என்பதையும் இங்கு குறிப்பிட விரும்புகின்றேன்.

1991ஆம் ஆண்டில் பேர்னடின் ஹீலி என்ற அமெரிக்கப் பெண் இருதய நிபுணர் இப்பிரச்சினைக்கு ஒரு பெயர் வைத்தார். கல்வி கற்பதற்காக ஆண் வேடம் பூண்ட யென்டில் என்ற பெண், ஐசக் பஷேவிஸ் சிங்கர் எழுதிய கதை ஒன்றில் வருகின்றாள். ஒரு பெண் தனக்கும் ஆணைப் போலவே இருதய நோய் இருக்கின்றது என்று நிரூபித்தால்தான் ஆணுக்குரிய சிகிச்சை அவளுக்குக் கிடைக்கின்றது. ஆகவே இது 'யென்டில் நோய்க்குறி' என்றார் ஹீலி. அதன் பின்னர் 1993ஆம் ஆண்டில், அரசாங்கப் பணத்தில் நடைபெறும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது. கட்டுரையை வாசிக்கும் தங்கைகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சரியான கேள்வியைக் கேட்க ஒரு பெண் அங்கு இருந்தாள்.

அடுப்புப் புகையைக் கண்ட பெண் வைத்தியர்

அப்படிக் கேள்வி கேட்ட இன்னொருவர் நமக்கு இன்னும் அண்மையானவர். வைத்தியர் எஸ். பத்மாவதி 1917ஆம் ஆண்டில் பர்மாவில் பிறந்தார். ரங்கூனில் மருத்துவம் கற்றார். யுத்தத்தின்போது 1942ஆம் ஆண்டில் பர்மாவை விட்டுத் தப்பிக் குடும்பத்துடன் கோயம்புத்தூருக்கு வந்தார். பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உயர்கல்வி பெற்றுத் திரும்பி, இந்தியாவின் முதலாவது பெண் இருதய நிபுணர் என்ற பெருமையைப் பெற்றார். 1962ஆம் ஆண்டில் அகில இந்திய இருதய அமைப்பை நிறுவினார். 2020ஆம் ஆண்டில் தமது 103ஆவது வயதில் கொவிட் தொற்றினால் காலமானார்.

அவர் 1959ஆம் ஆண்டில் டெல்லியில் 127 நோயாளிகளைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார். நுரையீரல் பழுதடைவதால் இருதயத்தின் வலது பக்கம் பாதிக்கப்படும் நோய் அது. புகைபிடிக்காத பெண்களுக்கும் இந்நோய் வருவதைக் கண்ட அவர், அதற்கான காரணத்தை அவர்களது சமையலறையில் தேடினார். காற்றோட்டமில்லாத இடத்தில், சாணவரட்டியை எரித்துச் சமைக்கும் அடுப்பின் புகையை வருடக்கணக்கில் சுவாசித்ததே காரணம் என்று எழுதினார்.

இதை வாசித்தபோது நான் நமது மலைநாட்டு வீடுகளை நினைத்தேன். நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களின் லயன் அறைகளிலும், நமது கிராமங்களில் பல வீடுகளிலும் இன்றும் விறகடுப்பு எரிகின்றது. மழை பெய்தால் ஜன்னலைப் பூட்டிவிட்டே சமைக்கின்றோம். சிகரெட்டைக் கையால் தொட்டிராத நம் தாய்மார் எவ்வளவு புகையைச் சுவாசித்திருப்பார்கள்? விறகடுப்பைக் கைவிட முடியாவிட்டாலும், புகைபோக்கி ஒன்றை அமைப்பதும், சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைப்பதும் நம்மால் முடியும்.

நம் வீட்டுக்குள் இருக்கும் காரணிகள்

இலங்கை உட்பட 52 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்தப்பட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004ஆம் ஆண்டில் வெளியானது. மாரடைப்பு அபாயத்தின் பெரும்பகுதிக்கு ஒன்பது காரணிகளே பொறுப்பு என அது காட்டியது. புகைத்தல், குருதிக் கொழுப்பு, உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், பழமும் மரக்கறியும் குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மது தொடர்பான பழக்கம் என்பனவே அவை. பெண்களின் அபாயத்தில் நூற்றுக்கு 94 வீதம் இவற்றால் விளக்கப்படுகின்றது. இன்னொரு விடயமும் அந்த ஆய்வில் வெளிவந்தது. தென்னாசியர்களுக்கு முதலாவது மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகின்றது. ஏனைய நாட்டவர்களுக்கு அது ஏறத்தாழ 59 வயது.

இவற்றில் அநேகமானவை நாம் மாற்றக்கூடியவை என்பதே இதிலுள்ள நற்செய்தி. ஒருவர் ஒரு நாளைக்கு எடுக்கும் உப்பு 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு கூறுகின்றது. கருவாடு, அச்சாறு, பப்படம், கடையில் வாங்கும் 'பைட்ஸ்' வகைகள் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பையும் இதில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடங்கள் வேகமாக நடப்பது போதுமானது. ஆனால் நமது நாட்டில் ஆண்களை விடப் பெண்களிடமே உடற்பயிற்சிக் குறைவும் அதிக எடையும் கூடுதலாகக் காணப்படுகின்றன. "வீட்டு வேலை செய்யிறேன்தானே, அது போதாதா?" என்று நம் தாய்மார் கேட்பார்கள். வீட்டு வேலை களைப்பைத் தரும். ஆனால் அதில் பெரும்பகுதி இருதயத்தை வேகமாக இயங்கச் செய்வதில்லை. பெண்கள் மாலையில் சேர்ந்து நடப்பதைப் புதுமையாகப் பார்க்கும் பார்வையும் நம் ஊர்களில் மாற வேண்டும்.

கர்ப்பகாலமும் ஓர் எச்சரிக்கையைத் தருகின்றது. கர்ப்பத்தின்போது குருதி அமுக்கம் கூடியவர்களும், கர்ப்பகால நீரிழிவு ஏற்பட்டவர்களும் பிள்ளை பிறந்ததும் அதை மறந்துவிடுகின்றனர். பிற்காலத்தில் இவர்களுக்கு இருதய நோய் ஏற்படும் வாய்ப்பு ஏனையவர்களை விட அதிகம். ஆகவே அவர்கள் தொடர்ந்து பரிசோதனை செய்துகொள்வது அவசியமாகும்.

மனதின் பாரமும் இருதயத்தைத் தாக்கும். 1990ஆம் ஆண்டில் ஜப்பானிய வைத்தியர்கள் ஒரு நோயை விவரித்தனர். நெருங்கியவரின் மரணம் போன்ற பேரதிர்ச்சியின் பின்னர் இருதயத்தின் இடது அறை திடீரென ஒரு பக்கம் பலூன் போல வீங்கிப் பலவீனமடைகின்றது. மாரடைப்பைப் போலவே வலிக்கும். அந்த வடிவம் ஜப்பானிய மீனவர்கள் கணவாய் இனத்தைச் சேர்ந்த எண்காலியைப் பிடிக்கும் 'தகொட்சுபோ' என்ற சாடியைப் போல் இருந்ததால் அப்பெயரையே நோய்க்கும் வைத்தனர். இதற்கு ஆளாகுவோரில் பெரும்பாலானோர் மாதவிடாய் நின்ற பெண்கள். "மனசு உடைஞ்சு போச்சு" என்று நம் பெண்கள் சொல்வதில் மருத்துவ உண்மையும் உண்டு.

நமக்கு அருகிலுள்ள வசதிகள்

இலங்கையில் 1996ஆம் ஆண்டு முதல் 'சுகவனிதையர் கிளினிக்' நடைபெற்று வருகின்றது. 35 வயதைக் கடந்த பெண்களின் குருதி அமுக்கம், நீரிழிவு, மார்பக மற்றும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அறிகுறிகள் என்பன இங்கு இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. 2011ஆம் ஆண்டு முதல் அமைக்கப்பட்டுவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் நிறை, குருதி அமுக்கம், குருதியிலுள்ள சீனி, கொலஸ்திரோல் ஆகியவற்றைப் பார்த்து, அடுத்த பத்து வருடங்களில் இருதய நோய் வரும் வாய்ப்பையும் கணித்துச் சொல்கின்றனர். எந்த நாளில், எங்கே என்பதை உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் கேட்டறியலாம்.

அவசரத்துக்கு 1990 என்ற இலக்கம் இருக்கின்றது. 2016ஆம் ஆண்டில் இரண்டு மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்ட 'சுவசெரிய' அம்பியூலன்ஸ் சேவை இன்று நாடு முழுவதும் இலவசமாகக் கிடைக்கின்றது. நாவலப்பிட்டியில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. அடைபட்ட நாடியைக் கம்பி போன்ற குழாய் செலுத்தித் திறக்கும் வசதி கண்டி தேசிய வைத்தியசாலையில் உண்டு. கம்பளை, கெலிஓயா, பேராதனை என்று ஊர்களைக் கடந்து கண்டியை அடைய நேரம் எடுக்கும் என்பதை பஸ்ஸில் போகும் நாம் அனைவரும் அறிவோம். அந்தப் பாதையின் நீளத்தை நம்மால் குறைக்க முடியாது. வீட்டிலே நாம் வீணாக்கும் நேரத்தைக் குறைக்கலாம்.

அறிகுறி தோன்றினால் செய்ய வேண்டியவை இவைதான். மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 1990க்கு அழையுங்கள். நோயாளியை உட்கார வையுங்கள். நடக்கவோ படி ஏறி இறங்கவோ விட வேண்டாம். மேட்டு வீடாயின் கதிரையில் வைத்துத் தூக்கிச் செல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் பாவிக்கும் மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். போய்ப் பார்த்து அது வாய்வு என்று தெரிந்தால் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

உம்மாவின் முறை

உம்மும்மா வபாத்தாகி ஐந்து மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள், உம்மா சமையலறையில் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். "என்ன உம்மா?" என்றேன். "ஒண்டுமில்ல மகள், வாய்வு" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் வயிறு கலங்கியது. உம்மாவுக்கு 46 வயது. தம்பி வயிற்றிலிருந்தபோது குருதி அமுக்கம் கூடியிருந்தது. அதன் பிறகு ஒரு தடவையாவது பார்த்ததில்லை. "எனக்கெங்க மகள் நேரம்?" என்பார். வாப்பாவின் மருந்து முடியும் திகதி அவருக்கு மனப்பாடம். எங்கள் தடுப்பூசி அட்டைகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கின்றார். தனக்கென்று அவரிடம் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை.

அன்று நான் அழுதேவிட்டேன். அடுத்த கிளினிக் நாளில் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு உம்மாவைக் கூட்டிச் சென்றேன். முதுகு வலி வெறும் தசைப்பிடிப்புத்தான். ஆனால் குருதி அமுக்கம் 160/100 ஆக இருந்தது. "எனக்கு ஒண்டுமே தெரியல்லையே" என்றார் உம்மா. உயர் குருதி அமுக்கத்தின் ஆபத்தே அதுதான். அது பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. இன்று அவர் ஒழுங்காக மருந்து எடுக்கின்றார். கறிக்கு உப்புக் குறைந்துவிட்டது என்று வாப்பாதான் முறையிடுகின்றார். அஸருக்குப் பிறகு நானும் உம்மாவும் நடக்கப் போகின்றோம். திரும்பி வரும்போது அந்த 43 படிகளையும் சேர்ந்தே ஏறுகின்றோம்.

சகோதரிகளே, நம் வீடுகளில் பெண்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுகின்றார்கள். நோயிலும் அவர்கள் தம்மைக் கடைசி வரிசையில் வைத்துக்கொள்கின்றார்கள். அதைப் பொறுமை என்று நாமும் புகழ்கின்றோம். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவது சுயநலமல்ல, கடமையாகும். இந்தச் சஞ்சிகையை வீட்டுக்குக் கொண்டுபோனதும் உங்கள் உம்மாவிடம், "கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் கிளினிக் நாளைத் தேடிப் பாருங்கள். அவர் என்றாவது "வாய்வு" என்று சொன்னால், பிளேன்டீ ஊற்ற முன்னர் மணியைப் பாருங்கள்.

எனது உம்மும்மாவின் குற்றங்குறைகளை மன்னித்து, வல்ல அல்லாஹ் அவருக்கு மேலான சுவனத்தை வழங்குவானாக. நம் தாய்மாருக்கு நோயற்ற நீண்ட ஆயுளையும் தருவானாக. ஆமீன்.